ஓடைக் கொப்பியில் வெட்டிய வரிகள்

சீதாதேவி டீச்சரின் கையெழுத்து பன்னம்வத்தை தோட்டம் முழுக்கப் பிரசித்தம். கல்யாணக் கார்டில் பெயர் எழுத வேண்டுமா, கோயில் திருவிழாவுக்கு அறிவித்தல் எழுத வேண்டுமா, சனம் நேரே அவரிடம்தான் வரும். அவரும் இலேசில் விடமாட்டார். எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல் கொண்டுவந்தவர் சொன்ன வசனத்தையும் திருத்தி, "இப்படிச் சொன்னாத்தாங்க அழகா இருக்கும்" என்பார். புருஷன் சதீஸ் தெரணியகலையில் ஆட்டோ ஓட்டுகிறவர். பாவம் மனுசன், அவர் எழுதும் சாமான் வாங்கும் துண்டுச்சீட்டில்கூட டீச்சரின் சிவப்புப் பேனா விழுந்திருக்கும்.

இந்தத் திருத்தும் பைத்தியம் சும்மா வந்ததல்ல. டீச்சர் பிறந்ததே அதே தோட்டத்தின் பணிய லயத்தில், கீழ்வரிசைத் தொழிலாளர் குடியிருப்பில்தான். பாடசாலைக்குக் கீழே, சரிவில், பதினொரு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறையாக, வரிசையாக இருக்கிறதே, அதில் மூன்றாவது. ஆறாம் வகுப்புக்கு டவுன் பாடசாலைக்குப் போன முதல் கிழமை, 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பிள்ளை தான் பேசுகிற மாதிரியே எழுதி, எழுந்து நின்று வாசித்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாசிக்கச் சொன்ன டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முப்பது வருசமாகியும் சீதாதேவியின் காதை விட்டுப் போகவில்லை. தன்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையும் அப்படி நிற்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வெறி. நல்ல வெறிதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெறிதான் ஐம்பத்து நான்கு உயிரைக் கொண்டுபோய் ஒரு ஓட்டுக்கட்டிடத்துக்குள் அடைத்தது.

கதை மார்ச் மாதம் தொடங்குகிறது. நான்காம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தது ஐந்தே ஐந்து பேருக்கு. தமிழையும் சுற்றாடலையும் ஒன்றாக்கி நடத்துங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்கள். பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்ப் பார்க்கவிட வேண்டும், பார்த்ததை எழுதவிட வேண்டும், எழுதியதையே வாசிக்கவிட வேண்டும். பாடசாலை அதிபர் கணேசலிங்கம் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து பதினைந்து வருசமாக இங்கேயே இருப்பவர். அவருக்கு ஒரே உற்சாகம்.

"டீச்சர், இதை நீங்கள்தான் செய்யவேணும். வலயக் கல்விக் கந்தோரில இருந்து பார்க்க வருவினம். நல்லாச் செய்தா கேகாலையில கண்காட்சிக்கு வைப்பினம்."

பாடசாலைக்குப் பின்னால், மேலே, ஒரு சின்ன ஓடை. அதன் கரையில் மேட்டுப் பக்கம் ஒரு பலா, பள்ளத்துப் பக்கம், பாடசாலையை ஒட்டி, ஒரு அல்பீசியா மரம். டீச்சர் இரண்டுக்கும் நடுவில் நீல நைலோன் கயிறு ஒன்றைக் கட்டினார். பிள்ளைகள் கண்ட பூச்சி, பூ, தவளை எல்லாவற்றின் பெயரையும் அட்டையில் எழுதி அதில் தொங்கவிட வேண்டும். எட்ட வேண்டுமே என்று கயிற்றைத் தளர்வாகக் கட்டினார். அட்டைகள் பிள்ளைகளின் நெஞ்சளவில் தொங்கின. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அங்கே போவார்கள். ஆளுக்கொரு ரஃப் கொப்பி. அதற்குப் பெயர் ஓடைக் கொப்பி.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான்காவது கிழமை, ஒரு மாதம் முடிவதற்குள், பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாடப்புத்தகத்தைக் கண்டால் முழிக்கிற விதுர்ஷன், தான் எழுதின "அட்டை கால்ல ஏறுச்சி, நான் கத்தல" என்பதை மூச்சுவிடாமல் வாசித்தான். வாயே திறக்காத மதுஷா ஒரு பக்கம் வாசித்தாள். டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சதீஸின் தோளில் சாய்ந்து அழுதார். சந்தோசத்தில்தான்.

மே மாதம் மழை பிடித்தது. முதலில் விதுர்ஷன்தான் எழுதினான்: "பேர் அட்டை எல்லாம் மேல போயிருச்சி. எனக்கு எட்டல."

டீச்சர் போய்ப் பார்த்தார். கயிறு தளர்வில்லாமல் நேராக நின்றது. அட்டைகள் பிள்ளைகளின் தலைக்கு மேலே. பொடியன்கள் முடிச்சை இறுக்கி விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

"யாருடா கயித்தை இழுத்துக் கட்டுனது?"

"நான் தொடலீங்க டீச்சர்."

"பொய் சொன்னா நாக்கு அழுகிப் போகும்."

"சத்தியமா தொடலீங்க."

டீச்சர் முடிச்சை அவிழ்த்து, பழையபடி தளர்த்திக் கட்டிவிட்டு வந்தார். அடுத்த செவ்வாய் போனால் கயிறு மறுபடியும் இறுகிக் கிடந்தது. இந்தமுறை காற்று பட்டதும் அதிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராய் அதன்கீழ் நின்று காது கொடுத்தார்கள். டீச்சரும் கேட்டார்.  முடிச்சைப் பார்த்தார். அது அவர் போட்ட முடிச்சு, யாரும் கை வைத்த அடையாளம் இல்லை. மழையில் நைலோன் சுருங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பவும் தளர்த்திக் கட்டினார். நைலோன் எங்கே சுருங்கும்? ஆனால் மனுசருக்குப் பயம் வந்தால் அறிவு இப்படித்தான் வேலை செய்யும்.

தவளை எண்ணுவது அவர்களுடைய ஒரு வேலை. மார்ச்சில் பதினொரு குரல் எண்ணினார்கள். மே நடுவில் நான்கு. பிறகு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, தவளைக்குக் கொண்டாட்டமாக இருக்க வேண்டிய காலம், ஒன்றும் கத்தவில்லை. பத்தொன்பது பிள்ளைகள் குடைக்குக் கீழே வாயைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிசம் காத்து நின்றார்கள். மழைச் சத்தம் மட்டும்தான். கடைசியில் ஒரு சின்னப் பெண் காரணம் தெரியாமல் அழத் தொடங்கினாள். டீச்சர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடி வந்துவிட்டார்.

அன்றைய கொப்பிகளை வீட்டில் வைத்துத் திருத்தினார். மதுஷா எழுதியிருந்தாள்: "மழ பெய்யுது. ஓடையில தண்ணி கொறஞ்சி போச்சி. இருக்கிற தண்ணி பால்தேத்தண்ணி மாதிரி. மழத்தண்ணி எங்க போகுது?"

 டீச்சருக்கும் அதற்குப் பதில் தெரியாது. சிவப்புப் பேனாவை எடுத்தார், ஒரு கோடு போட்டு வெட்டினார், கீழே அழகாக எழுதினார்: 'மழைக்காலத்தில் ஓடை நிரம்பி ஓடும்.' புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வெட்டியதும் மனசுக்கு ஒரு நிம்மதி. அதனால் இன்னும் வெட்டினார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு கரும்பலகைக்கு மேலே ஏறுகிறது என்றதை வெட்டினார். மரம் பள்ளிக்கூடத்தைக் குனிஞ்சு பாக்குது என்றதை வெட்டினார். "வகுப்புக் கதவு சாத்த முடியல. போன கிழம சாத்துச்சி. செவுரு வளருது" என்று மதுஷா எழுதியிருந்தாள். 'சுவர் வளராது' என்று பக்கத்தில் எழுதிவிட்டு அதையும் வெட்டினார்.

வலயத்திலிருந்து அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தார்கள். டீச்சர் பெரிய பிரிஸ்டல் போர்டில் தன் கையாலேயே, முத்து முத்தாக, 'எங்கள் ஓடை' என்று தலைப்பிட்டு எழுதி முன்மண்டபச் சுவரில் ஒட்டினார். 'மே மாதம். ஓடையில் தெளிந்த நீர் ஓடுகிறது. தவளைகள் மகிழ்ச்சியாகக் கத்துகின்றன. மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன.' ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு பிள்ளையின் பெயர். தெளிந்த நீருக்குக் கீழே மதுஷாவின் பெயர்.

அந்தத் திங்கட்கிழமை வலயத்தார் வரவில்லை. மழை மூன்று நாள் விடாமல் பெய்து, வெள்ளிக்கிழமை காலை மண்சரிவு எச்சரிக்கை வந்தது. பணிய லயத்தைப் பார்க்க ஜதீஸ்வரன் என்ற மண்சரிவு ஆய்வு உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்து இளைஞர், முழங்கால்வரை சேறு, விடியற்காலையிலிருந்து ஏழாவது தோட்டம். மலை முழுவதும் மூட்டம் போட்டு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லயத்துச் சனத்தை இன்றைக்கே கிளப்ப வேண்டும், எங்கே கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. ஒன்று பாடசாலை, பக்கத்தில். மற்றது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேயிலை ஸ்டோர், அரைக்கட்டை, அதாவது அரை மைல் நடை.

அவர் முன்மண்டபத்தில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே சுவரை வாசித்தார். முகம் தெளிந்தது.

"டீச்சர், இது பிள்ளையள் தாங்களே பார்த்துச் சொன்னதோ?"

அதிபர் பெருமையாகச் சிரித்தார். சீதாதேவியின் கண் மதுஷாவின் பெயருக்குப் போனது. ஆனால் அதிபருக்கு முன்னால் வேறென்ன சொல்வது?

"ஆமாங்க சேர். புள்ளைங்க சொன்னது, நான் எழுதுனது."

"தண்ணி தெளிவு, தவளை கத்துது, மரம் நிமிந்து நிக்குது. அப்ப மேல மண் அசையேல்லை. பள்ளிக்கூடமே போதும். சனத்தை இஞ்சை எடுங்கோ." தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் எட்டாவது தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பதினொரு காம்பராச் சனமும் வந்தது. ஐம்பத்து நான்கு பேர். பானை, பாய், கோழிக்கூடு, சாமி படம். கூட வந்த நாய்கள் மட்டும் படிக்குக் கீழே மழையிலேயே நின்றன. சோற்றைக் காட்டிக் கூப்பிட்டும் ஒன்றும் உள்ளே காலை வைக்கவில்லை. டீச்சர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் தாண்டியது. பிள்ளைகள் சிணுங்கின. மதுஷாவின் அப்பா பழனிமுத்து இறப்பர் பால் வெட்டுகிறவர், எழுத்து வாசனை இல்லாதவர். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"டீச்சர், எங்க புள்ள நல்லா வாசிக்குதாமே. எல்லாரும் சும்மாதானே குந்தியிருக்கோம். வாசிக்கச் சொல்லுங்களேன், கேப்போம்."

டீச்சர் சுவரிலிருந்த போர்டைக் காட்டினார். பழனிமுத்து சிரித்துவிட்டார்.

"அது ஒங்க எழுத்துங்க. எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும் ஒங்க எழுத்து தெரியாதா? புள்ளைங்க எழுதுனத வாசிக்கச் சொல்லுங்க."

கொப்பிகள் மேசையில்தான் இருந்தன. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. விதுர்ஷன் எடுத்து வாசித்தான், கால்ல அட்டை ஏறின கதை. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த பிள்ளை வந்தது. பிள்ளைகளுக்கு வெட்டின வரி, வெட்டாத வரி என்ற பேதமெல்லாம் தெரியாது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்ததையும் சேர்த்தே வாசித்தார்கள், ஏனென்றால் அதுதான் அவர்கள் எழுதியது. கயிறு இறுகியது. தளர்த்திக் கட்டினோம், மறுபடி இறுகியது. கயிறு பாடுது. தவளை நாலு. தவளை இல்ல. ஓடையில தண்ணி கொறஞ்சி போச்சி.

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளை உட்கார அடுத்தது எழுந்தது. அதே ஓடையை, அதே மரத்தை, கிழமைக்குக் கிழமை, சின்னச் சின்னக் குரல்கள் ஒரே மாதிரியாகச் சொல்லிக்கொண்டே போயின. கிழவர் ஒருவர் சாமி படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  சீதாதேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனித்தனியாகத் திருத்தும்போது பிழையாகத் தெரிந்தவை, சேர்ந்து வரும்போது வேறொன்றாக இருந்தன. 

கடைசியில் மதுஷா எழுந்தாள். "வகுப்புக் கதவு சாத்த முடியல. போன கிழம சாத்துச்சி. செவுரு வளருது."

ஐம்பத்து நான்கு தலையும் கதவுப் பக்கம் திரும்பின. பழனிமுத்து எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார். அது பாதியில் நிலத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. மேலே நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த வெடிப்பில் தன் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுவரை போனது.

அப்போது சத்தம் கேட்டது. சீமெந்துத் தரைக்குக் கீழே, நல்ல ஆழத்தில், யாரோ அம்மியில் எதையோ நிதானமாக அரைக்கிற மாதிரி. கொஞ்சம் அரைத்தது, நின்றது, மறுபடி அரைத்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் அதிபர்.

மதுஷா டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னாள். "இது செவ்வாக்கிழமையும் கேட்டிச்சிங்க டீச்சர். நான் எழுதல. எழுதுனா நீங்க வெட்டுவீங்க."

அந்த நேரத்தில் சீதாதேவியின் முகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அவர் கைபேசியை எடுத்து ஜதீஸ்வரனை அழைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"சேர், செவத்துல நீங்க வாசிச்சது பொய்ங்க. புள்ளைங்க சொல்லல. நானா எழுதுனது. தண்ணி கலங்கி, கொறஞ்சி போச்சி. தவளைச் சத்தம் சுத்தமா நின்னுபோச்சி. கயிறு கட்டுன மரம் ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடிக்கிட்டே போகுது. இப்ப பள்ளிக்கூடத் தரைக்கு அடியில சத்தம் கேக்குது."

 அந்தப் பக்கமிருந்து ஜதீஸ்வரனின் குரல் கிழிந்து வந்தது. "டீச்சர், சாமான் ஒண்டும் எடுக்க வேண்டாம். உடனே வெளிய போங்கோ. ஸ்டோருக்குப் போங்கோ. ஓடைப் பக்கம் போகாமல் றோட்டாலை போங்கோ."

"இந்த மழைக்குள்ளயோ?" என்று அதிபர் தடுமாறினார். "பிள்ளைத்தாச்சியள் இருக்கினம், கிழவர்கள் இருக்கினம்…"

"சேர், நடங்க!" என்று டீச்சர் கத்தினார். பதினைந்து வருசத்தில் அதிபரிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை.

நடந்தார்கள். கிழவர்களை முதுகில் தூக்கினார்கள், கோழிக்கூடுகளை விட்டுவிட்டார்கள். நாய்கள் முன்னால் ஓடின. றோட்டுத் திருப்பத்தில் மழையில் நின்று டீச்சர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினார். ஐம்பத்து நான்கு. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டோரில் நனைந்த துணியோடு குந்தியிருந்த சனத்துக்குக் கோபம் வரத் தொடங்கியது. கோழி என்னாச்சோ, அரிசி என்னாச்சோ என்று முணுமுணுத்தார்கள். விடிந்ததும் திரும்பிப் போவதென்று சில பேர் முடிவே கட்டிவிட்டார்கள். டீச்சர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என்னையத் தாண்டித்தான் போகணும்" என்றார்.

காலை ஆறரை மணிக்கு மழை சுத்தமாக விட்டிருந்தது. வெளிச்சமும் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் முதலில் பறவைகளெல்லாம் ஒரே தரத்தில் எழும்பின. பிறகு ஒரு நீண்ட, கனத்த ஒலி. ஸ்டோரின் தகரங்கள் எல்லாம் அதிர்ந்தன. அது முடிய ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.  ஆம்பிளைகள் திருப்பம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பணிய லயத்தில் ஆறு காம்பரா மிச்சம் இருந்தது. பாடசாலை இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது என்றார் பழனிமுத்து. 

சனம் சும்மா இருக்குமா? டீச்சரைச் சுற்றி ஒரே அழுகை, ஒரே கும்பிடு. "நீங்கதாங்க எங்க கொலசாமி" என்று ஒரு அம்மா காலில் விழப் போனார்.

"கும்பிடாதீங்க!" என்று டீச்சர் பின்னால் நகர்ந்தார். "ஒங்களையெல்லாம் அங்க கொண்டுபோய் வச்சதே நான்தான். என்னையக் கும்பிடாதீங்க." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுதார்கள்.

பத்து மணிபோல ஜதீஸ்வரன் வந்தார். நடந்ததை எழுத்தில் தரச் சொன்னார். சீதாதேவி ஸ்டோர்க் கணக்கப்பிள்ளையின் மேசையில் உட்கார்ந்து எழுதினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அவர் அதைத் திருத்தவில்லை. முதல் வரி இதுதான்: 'நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மலை நகர்வதை மூன்று கிழமைகளாகப் பார்த்து எழுதினார்கள். நான் அதை வெட்டிவிட்டுப் பொய்யை எழுதி ஒட்டினேன்.'

அதிபர் தோளுக்கு மேலால் வாசித்தார். பாவம், நல்லெண்ணத்தில்தான் பேனாவைக் கையில் எடுத்தார்.

"டீச்சர், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. இந்த வரி உங்கடை வேலைக்கே உலை வைக்கும். இதை மட்டும் வெட்டிப்போட்டுக் குடுப்பம்."

மதுஷா மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சீதாதேவி கடதாசியின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்து மூடினார்.

"வெட்டாதீங்க சேர்," என்றார். "அதுதான் நடந்துச்சி."